பூட்டிக் கிடக்கிற ஏற்காட்டு ஓட்டு வீடு: எங்கே தொடங்குவது?

தாத்தா காலத்து வீடு ஏற்காட்டில் பூட்டிக் கிடக்கிறது, ஏரியிலிருந்து நடக்கிற தூரம்தான், வருகிற கோடைக்குள் நாலு நாள் போய்த் தங்குகிற மாதிரி ஆக்கிவிடலாமா என்று சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும் என்னிடம் கேட்கிறார்கள். எங்கள் வீட்டை நாங்கள் நான்கு வருடம் இழுத்து இழுத்துச் சரிசெய்தோம், அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்கு நினைப்பு. உண்மையில் முதல் ஒன்றரை வருடம் செய்த வேலையில் பாதியை இடித்துவிட்டுத் திரும்பச் செய்தோம். கீழே இருப்பதெல்லாம் அந்த இடிபாட்டில் கற்றுக்கொண்டது.

எங்கள் வீடு ஒன்றும் துரை பங்களா கிடையாது. மூன்று அறை, முன்னால் ஒரு வராண்டா, பின்னால் தகரம் போட்ட சமையற்கட்டு, கருங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர், மேலே மங்களூர் ஓடு. வராண்டா ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தால் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஏரி ஒரு துண்டு தெரியும், அவ்வளவுதான். அந்தத் துண்டுக்காகத்தான் இத்தனை பாடு.

முதலில் எங்கள் பெரிய தப்பைச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் குகைப் பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டு வேலையைப் பார்த்த மேஸ்திரியையே மேலே கூட்டிப் போனோம். நல்ல வேலைக்காரர், கை சுத்தம், கணக்கும் சுத்தம். உதிர்ந்துகொண்டிருந்த பழைய சுண்ணாம்புப் பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தார். சித்திரை மாதத்தில் பார்க்கக் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. ஐப்பசி மழையெல்லாம் முடிந்து கார்த்திகையில் போய்க் கதவைத் திறந்தால் சுவர் அப்பளம் பொரிந்த மாதிரி உப்பி நிற்கிறது, விரலால் தட்டினால் தொம் தொம் என்கிறது, கட்டிலுக்குப் பின்னால் பூசணம் பூத்து ஒரு வாடை. மேஸ்திரி மேல் குற்றம் சொல்ல முடியாது. சேலத்து வீட்டுக்குச் செய்வதை அவர் சரியாகச் செய்தார், நாங்கள்தான் அதை மலைமேல் செய்யச் சொன்னோம்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். மழை சேலத்தை விட ஒன்றரை மடங்கு. தென்மேற்கும் நனைக்கும், வடகிழக்கும் நனைக்கும், நடுவில் மழை இல்லாத நாளிலும் சாயங்காலம் ஏரிப் பக்கமிருந்து பனி ஏறி வந்து ஜன்னல் வழியே உள்ளே உட்காரும். கீழே வீடு கட்டுகிறவனுக்கு எதிரி வெயில். மேலே எதிரி ஈரம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்கிற வரிசை தானாகப் புரியும்.

போய்ப் பார்க்கிற நாள்

வெயில் நாளில் போகாதீர்கள். நல்ல மழை பெய்கிற நாளில், இல்லாவிட்டால் மழை விட்ட மறுநாள் காலையில் போங்கள். அப்போதுதான் வீடு தன் நோயைக் காட்டும். கையில் டார்ச், சாக்பீஸ், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு நீளக் குச்சி போதும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். கதவு ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே உட்கார்ந்திருங்கள், உள்ளே குடியிருக்கிற பாம்பு தேளுக்கும் கிளம்ப நேரம் வேண்டும். வௌவால் எச்சம் நிறைய இருந்தால் மூக்கை மூடாமல் பெருக்க வேண்டாம், தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள்.

ஒழுகுகிற இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். சுவரில் ஓதம் ஏறியிருக்கிற உயரத்தைக் கோடாக இழுத்துத் தேதி எழுதுங்கள், அடுத்த முறை அது ஏறியதா இறங்கியதா என்று அதை வைத்துத்தான் தெரியும். உத்திரம், கைமரம், நிலைக்கால் எல்லாவற்றிலும், முக்கியமாகச் சுவருக்குள் புதைகிற முனையில், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் எதிர்த்தால் சரி. வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் அதன் மேல் நம்பி ஆள் ஏற்றக் கூடாது. எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள், ஏனென்றால் கீழே வந்ததும் பங்காளிகளுக்குக் காட்ட வேண்டும்.

பங்காளிகள் என்றதும் ஞாபகம் வருகிறது. காசு போடுவதற்கு முன்னால் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையது கூட்டுப் பட்டா, பெரியப்பா பேரும் அப்பா பேரும் இரண்டு அத்தை பேரும். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, தட்டுவடை செட் வாங்கி வைத்து, யார் எவ்வளவு போடுவது, போடாதவர்கள் வந்து தங்கலாமா, சாவி யாரிடம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பெரியப்பா முகம் சுளித்தார், 'நமக்குள்ள எதுக்குப்பா நோட்டு' என்று. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாம் வருடம் ஓட்டுச் செலவில் பேச்சு நின்றிருக்கும். வில்லங்கச் சான்றும் புலப்படமும் அப்போதே எடுத்து வைத்துவிடுங்கள், பக்கத்துத் தோட்டத்து வேலி நம் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்றும் தெரிந்துபோகும்.

அப்புறம் சட்டம். ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வருகிறது, அங்கே ஹாக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். உடைந்த ஓட்டை மாற்றுவது, பூச்சு வேலை, வெள்ளையடிப்பது எல்லாம் ஒரு பக்கம். புதிதாக ஓர் அறை கூட்டுவது, மண்ணை வெட்டி மட்டம் செய்வது என்றால் அது வேறு கதை, ஊராட்சியில் கேட்டு, அனுமதி வாங்கிவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். மரமும் அப்படித்தான். வீட்டின் மேல் சாய்ந்து நிற்கிற சில்வர் ஓக் உங்கள் நிலத்தில், உங்கள் தாத்தா நட்டதாகவே இருந்தாலும், மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே போட்ட சட்டம் இருக்கிறது. வனத்துறையில் கேட்காமல் வெட்டினால் வீடு சரிசெய்யப் போன இடத்தில் வழக்கு நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

எப்போது வேலை வைப்பது

மழை இல்லாத மாதம் என்று பார்த்து எல்லோரும் டிசம்பர் கடைசியில் வேலை தொடங்கப் போகிறார்கள், ஆள் கிடைக்காமல் திரும்பி வருகிறார்கள். அது காப்பிப் பழம் பறிக்கிற சமயம், எஸ்டேட்டுக்குப் போகாத கை ஊரில் இருக்காது. மே மாதம் வைத்தால் கோடை விழா, மலர்க் கண்காட்சி, மலைப்பாதை முழுக்க கார், உங்கள் மணல் வண்டி ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டிருக்கும். ஆகவே மாசி பிறந்ததிலிருந்து சித்திரை பாதி வரை, அந்த இரண்டரை மாதம்தான் உங்களுக்கு. நடுவில் ஒன்றிரண்டு கோடை மழை வரும், காப்பிச் செடி பூப்பதற்கு அது வேண்டும், அதை நாம் குறை சொல்ல முடியாது, தார்ப்பாய் இரண்டு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாமான் ஏற்றுவது தனிப் பாடம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. பெரிய லாரியில் மொத்தமாக ஏற்றினால் மிச்சம் என்று கணக்குப் போட்டு, அது குப்பனூர் வழியாகச் சுற்றி மேலே வந்து, கடைசியில் நம் வீட்டுக்குப் போகிற சந்தில் திரும்ப முடியாமல், அரை கிலோமீட்டர் தள்ளிக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. அதைச் சுமந்து சேர்த்த கூலியில் குட்டியானையை நாலு நடை விட்டிருக்கலாம். சிமெண்ட் தேவைப்படுகிற இடத்துக்கு மட்டும், அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள். பலகை மேல் வைத்து, சுவரிலிருந்து தள்ளி, மூடி வைத்தாலும் மலை ஈரத்தில் மூட்டை ஓரம் கட்டிதட்ட ஆரம்பித்துவிடும்.

ஆளைப் பொறுத்தவரை என் முடிவு தெளிவு: ஏற்காட்டு மேஸ்திரி, ஏற்காட்டு ஆசாரி. கீழேயிருந்து கூட்டிப் போனால் தங்க இடம், சாப்பாடு, சனிக்கிழமை ஊருக்குப் போனால் செவ்வாய்க்கிழமைதான் திரும்புவது என்று எல்லாம் உண்டு. அதைவிட, மேலே வேலை செய்து பழகிய ஆளுக்கு எந்தப் பக்கம் காற்று மழையை அடிக்கும் என்று கேட்காமலே தெரியும்.

கூரை, வேறு எதற்கும் முன்னால்

கூரை ஒழுகல் நிற்கும் வரை உள்ளே ஒரு ரூபாய் போடாதீர்கள். தரைக்கு டைல்ஸ் எடுக்க வீட்டுப் பெண்கள் கடைக்குப் போய்விட்டார்கள், ஆசையாக இருக்கிறது, ஆடி மாதம் அத்தை பெண் வருகிறாள், எந்தக் காரணமும் வேண்டாம்.

மங்களூர் ஓடு நல்ல சாமான். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை போட்டு ஆரம்பித்தது, அதைப் பார்த்து மேற்குக் கரை முழுக்கப் பல கம்பெனிகள் போட்டன. பழைய ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் கம்பெனி பேர் அச்சாகியிருக்கும். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு கம்பெனி ஓட்டின் பள்ளமும் மேடும் இன்னொரு கம்பெனி ஓட்டோடு ஒட்டாது, ஒட்டின மாதிரி உட்காரும், முதல் சாய்ந்த மழைக்கு ஒழுகும். ஆகவே உடையாத ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கிற பழைய ஓடு பெரும்பாலும் புது ஓட்டை விட நல்லது. ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டுங்கள். கணீர் என்றால் எடுங்கள், டப் என்றால் உள்ளே விரிசல்.

கணக்கு: 100 சதுர அடிக் கூரைக்கு 140 முதல் 150 ஓடு. கூரையின் சரிவை அளக்க வேண்டும், தரையை அல்ல, 800 சதுர அடி வீட்டுக்குச் சரிவும் தாழ்வாரமும் சேர்ந்து 1,000 வந்துவிடும். அதாவது 1,500 ஓடு. ஓர் ஓடு இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் ஏறக்குறைய நாலு டன் உங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது, மழையில் ஊறினால் இன்னும் கூட. கைமரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தச் சொன்னது இதற்காகத்தான்.

பத்து பன்னிரண்டு ஓடு உடைந்திருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். ஓட்டை மாட்டுகிற குறுக்குச் சட்டமான ரீப்பர் வளைந்து, கூரை நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தால் மொத்தத்தையும் இறக்குவதைத் தவிர வழி இல்லை. இறக்கினால் ஒரு சரிவை முடித்துவிட்டு அடுத்த சரிவைத் தொடுங்கள், இரண்டு பக்கமும் திறந்து போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. புது ரீப்பரின் இடைவெளியைப் பழைய ரீப்பரைப் பார்த்து வைக்காமல், உங்கள் கையில் இருக்கிற ஓட்டை மாட்டிப் பார்த்து வையுங்கள். ஆணி துருப்பிடிக்காத ஆணியாக இருக்கட்டும், சேலம் உருக்காலை ஊர்க்காரர்களுக்கு எவர்சில்வர் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டின் மேல் நடக்கிறவர் ஏணியைப் படுக்கப் போட்டு அதன் மேல் நடக்க வேண்டும், பாசி பிடித்த ஓட்டில் ஈர நாளில் யாரையும் ஏற்றாதீர்கள்.

ஒழுகல் பெரும்பாலும் ஓட்டின் நடுவில் இருக்காது. மூன்று இடம்: முகட்டு ஓடு, இரண்டு சரிவு சேருகிற கூடுவாய், புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியே வருகிற இடம். முகட்டில் பழைய சுண்ணாம்புக் கலவை உதிர்ந்திருக்கும். கூடுவாயில் தகரம் துருப்பிடித்துப்போயிருக்கும், அதில் சில்வர் ஓக் இலை அடைத்து, தண்ணீர் ஓட்டுக்கு அடியில் பின்வாங்கி வரும். புதுத் தகரத்தை இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் நன்றாக உள்ளே தள்ளி வையுங்கள், அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஓட்டையே எடுத்துவிட்டுக் கலர் ஷீட் போடச் சொல்வார்கள். சமையற்கட்டுக்கு நாங்களே போட்டோம், ஒழுகல் நின்றது, மழை பெய்தால் உள்ளே பேசுவது கேட்காது. படுக்கிற அறைக்கு நான் போட மாட்டேன். பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதைச் சுத்தியால் அடித்து உடைக்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் ஊற்றி நனைத்து, முகக்கவசம் போட்டு, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்குங்கள்.

மண்ணும் வாய்க்காலும்

மலைச்சரிவில் இருக்கிற வீட்டுக்கு ஒரு மேட்டுப் பக்கம் உண்டு. முப்பது நாற்பது வருடத்தில் அந்தப் பக்கத்து மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, இலை மட்கி, சுவரின் மேல் ஏறி நிற்கும். எங்கள் வீட்டில் உள்தரையை விட வெளிமண் ஓர் அடி உயரம். சுவர் ஈரத்தை உறிஞ்சாமல் என்ன செய்யும்? முதலில் அந்த மண்ணை எடுத்து, வெளித்தரை உள்தரையை விட அரை அடியாவது தாழ்ந்திருக்கும்படி செய்யுங்கள். ஒரே நாளில் மொத்தமாக வெட்டாதீர்கள், கடைக்காலுக்கு மேல் மண் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துப் பார்த்து, நாலு அடி நாலு அடியாக.

பிறகு சுவரிலிருந்து மூன்று நாலு அடி தள்ளி மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால், மழைத்தண்ணீரை வீட்டைச் சுற்றி இறக்கிக் காப்பிச் செடிக்குள் விடுகிற மாதிரி. தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடிய விட்ட ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள், அடைத்துக்கொண்டால் பின்னால் தண்ணீர் தேங்கிச் சுவர் வயிறு தள்ளும். கூரைத் தண்ணீர் சொட்டுகிற வரிசையில் ஒரு தாரைக் குழாய் கட்டி டிரம்மில் விட்டால் இரண்டு லாபம். 10 மில்லிமீட்டர் மழைக்கு 800 சதுர அடிக் கூரை 600 லிட்டருக்குக் குறையாமல் தரும்.

இந்த வேலையில் படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் சாக்பீஸ் கோடு ஒரே மழைக்காலத்தில் ஒன்றரை அடி கீழே இறங்கியது இதைச் செய்த பிறகுதான், பூச்சில் கைவைப்பதற்கு முன்னாலேயே.

சுவர்

சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தால் வாங்கியது உள்ளேயே நின்று, வழி தேடி, பூச்சையே தள்ளிக்கொண்டு வரும். எங்கள் அப்பளக் கதை அதுதான். ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. தட்டிப் பார்த்துத் தொம் என்கிற இடத்தை மட்டும் எடுங்கள், கெட்டியாக ஒட்டியிருக்கிற பழைய பூச்சு உங்கள் எல்லோரையும் விட மூத்தது, விட்டுவிடுங்கள்.

நீற்றின சுண்ணாம்பு ஒரு பங்கு, பூச்சுக்கான பி-சாண்ட் மணல் சலித்தது மூன்று பங்கு. கல் சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதாக இருந்தால் தண்ணீரில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பில் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் கூடாது. கண்ணில் பட்டால் தேய்க்காமல் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி. நீற்றியதை மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஊறப் போடுங்கள், நாளாக ஆகப் பதம் கூடும். பழைய ஆட்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பார்கள். நாங்களும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிப் போய்ச் சேர்த்தோம், கலவை வெண்ணெய் மாதிரி கரண்டியில் வழுக்கிக்கொண்டு வந்தது, எறும்பும் வந்தது.

சுவரை நனைத்துவிட்டு அரை அங்குலத்துக்கு மிகாமல் ஒரு பூச்சு, அது இறுகின பிறகு அடுத்தது. அவசரம் கூடாது. சிமெண்ட் மாதிரி மறுநாள் கல்லாகாது, காற்றை வாங்கி மெல்ல மெல்ல இறுகும். ஒரு வாரமாவது நேர் வெயில் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு வையுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை, மோர் பதத்தில், மெல்லிசாக மூன்று நாலு கை. கையில் ஒட்டும், சட்டையில் ஒட்டும் என்று வீட்டில் புகார் வரும். கட்டில் ஓரத்தில் ஒரு பாய் மாட்டிவிட்டோம், புகார் நின்றது.

மரம், கரையான், கரண்ட்

மரத்தில் செத்த பாகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது மரத்தை ஒட்டு வைக்கிற ஆசாரி கிடைத்தால் விடாதீர்கள், முழு உத்திரத்தையும் மாற்றச் சொல்கிறவர்கள்தான் அதிகம். தோட்டத்திலேயே இருக்கிறதே என்று சில்வர் ஓக் பலகையைப் போட்டால் பூச்சி துளைக்கும், மருந்து ஏற்றாமல் போடாதீர்கள். உத்திர முனை சுவருக்குள் போகிற இடத்தில் சுற்றிலும் விரல் கனம் காற்று புக விடுங்கள். கரையானுக்கு மருந்து அடிக்கிற ஆளிடம் கிணறு எங்கே, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். நம் சரிவில் ஊற்றுகிற எதுவும் கடைசியில் ஏரியில்தான் போய் நிற்கும்.

பழைய கட்டைப் பட்டி வயரிங் இருந்தால் அழகாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே வயர்த் தோல் பொடிப்பொடியாக உதிரும். முழுக்க மாற்றி, எர்த் குழி புதிதாகப் போட்டு, கரண்ட் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரில் தானாக விழுகிற ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றும் மாட்டச் சொல்லுங்கள். ஈரச் சுவர் இருக்கிற வீட்டில் உயிரைக் காப்பாற்றுவது அதுதான். இடி மின்னல் மாதங்களில் கிளம்பும்போது மெயினை இறக்கிவிடுங்கள்.

கணப்பு இருந்தால் அதிர்ஷ்டம். முதல் தீ மூட்டுவதற்கு முன் கீழேயிருந்து கண்ணாடி வைத்துப் புகைபோக்கிக்குள் வானம் தெரிகிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் பாதி வரை பறவைக் கூடு. தேன்கூடாக இருந்தால் நீங்களே புகை போடப் போகாதீர்கள், எடுக்கத் தெரிந்த ஆட்கள் மலையில் இருக்கிறார்கள். கணப்பு எரியும்போது ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். குளிர்கிறது என்று கரியடுப்பை அறைக்குள் எடுத்து வந்து கதவைச் சாத்திப் படுக்கவே படுக்காதீர்கள். கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்கினவர் எழுந்திருக்க மாட்டார்.

கழிவுத் தொட்டியைக் கிணற்றிலிருந்து 60 அடியாவது தள்ளி, கீழ்ச் சரிவில் வையுங்கள். பழைய தொட்டி இருந்தால் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பது, ஆளை இறக்குவது இரண்டும் கூடாது. உறிஞ்சுகிற வண்டியைக் கூப்பிடுங்கள், மனிதரை இறக்குவது உயிருக்கும் ஆபத்து, 2013 சட்டப்படி குற்றமும்கூட.

குரங்கு ஓட்டைத் தூக்கிப் பார்க்கும், காட்டெருமை வேலியைத் தள்ளிக்கொண்டு முற்றத்தில் நிற்கும். முதலாவதுக்கு, வெளியே சாப்பாடு வைக்காதீர்கள். இரண்டாவதுக்கு, உள்ளேயே இருங்கள், படம் எடுக்க இறங்காதீர்கள், அதுவாகப் போகும்.

பூட்டிவிட்டு வருவது

சரிசெய்த வீட்டை ஆறு மாதம் பூட்டி வைத்தால் மறுபடி முதலிலிருந்து. மாதம் ஒருமுறை யாராவது போய்க் கதவு ஜன்னலைக் காலையில் திறந்து சாயங்காலம் சாத்த வேண்டும். நாங்கள் பங்காளிகளுக்குள் முறை போட்டிருக்கிறோம், அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில். போகிறவர் கூடுவாயில் இலை வாருவது, வாய்க்காலைப் பார்ப்பது, சாக்பீஸ் கோட்டைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புவது. கிளம்பும்போது மெத்தையைச் சுருட்டி உத்திரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, பீரோ கதவைத் திறந்தே வைத்து, கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டு, அரிசி பருப்பு எதையும் வைக்காமல் வர வேண்டும். போன மாதம் பெரியப்பா முறை. கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, மெத்தையைத் தொங்கவிட மட்டும் மறந்துவிட்டார், இந்த ஞாயிறு நான் போகிறேன்.